கபோடிமோன்டே புள்ளி ஓவியம்: ஒரு சாசர், மூன்று சூடு

நேப்பிள்ஸ் நகருக்கு மேலே, குன்றின்மீது உள்ள கபோடிமோன்டே அரண்மனைத் தோட்டத்தில் 1743 முதல் 1759 வரை, பதினாறே ஆண்டுகள், ஒரு பீங்கான் பட்டறை ஓடியது. அங்கே தீட்டிய நல்ல முகம் ஒன்றை உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் பிரஷ் இழுத்த தடம் கண்ணில் படுவது அரிது. கன்னம், தோள், முழங்கால் எல்லாம் ஊசிமுனைப் புள்ளிகள். கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் அவையே சதையாகத் திரண்டு நிற்கும். அந்தப் புள்ளி வேலையைக் கடையில் கிடைக்கும் வெள்ளைச் சாசர் ஒன்றில் செய்யும் வழி இது. வரையப்போவது மேகத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் சிறகு முளைத்த குழந்தை. இத்தாலியர்கள் புட்டோ என்பார்கள். உயரம் 5 செ.மீ. போதும். விளிம்பைச் சுற்றி ஒரு பொன்கோடு. சாசர் மூன்று முறை சூளைக்குப் போய்வர வேண்டும். கைவேலை பத்து மணி நேரத்தைத் தாண்டாது. உலரவும் ஆறவும் காத்திருப்பதில்தான் நான்கைந்து நாள் போகும்.

புள்ளி ஏன்?

நேப்பிள்ஸ் மன்னர் சார்லஸின் ராணி மரியா அமாலியா சாக்சனிக்காரர். மைசென் பீங்கான் தொழிற்சாலையைத் தொடங்கிய அகஸ்டஸ் அவருடைய தாத்தா. 1738இல் மணமாகி வந்தவருக்குப் பிறந்த வீட்டுப் பீங்கான் எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும். ஆனால் மைசெனுக்குக் கிடைத்த வெண்களி, அதாவது கயோலின், நேப்பிள்ஸ் பட்டறைக்குக் கிடைக்கவில்லை. கலாப்ரியாவில் ஃபுஸ்கால்டோ என்ற ஊரின் களிமண்ணை வைத்து ஒரு கலவை பிடித்தார்கள். மென்பீங்கான் என்று சொல்லப்படும் வகை அது. கயெத்தானோ ஸ்கெப்பர்ஸ் அந்தக் கலவையைப் பக்குவத்துக்குக் கொண்டுவந்தார். பால் நிறத்தில் லேசான மஞ்சள் வெதுவெதுப்போடு இருக்கும். அதன் கிளேஸ், அதாவது மேலே உள்ள கண்ணாடிப் பூச்சு, குறைந்த சூட்டிலேயே இளகும் என்பதால் மேலே வைத்த வண்ணம் கொஞ்சம் உள்ளே இறங்கிவிடும். விரலால் தடவினால் மேடு தெரியாது.

ஓவியப் பிரிவின் தலைவராக இருந்த ஜொவான்னி கசெல்லி நுண்ணோவியர். உள்ளங்கை அளவு முகங்களைப் புள்ளி புள்ளியாக எழுப்புவது அந்தத் தொழிலின் பழக்கம். அந்தப் பழக்கம் பீங்கானுக்கு மிகவும் பொருந்திப்போனதற்குக் காரணம் உண்டு. கிளேஸ் கண்ணாடி மாதிரி, எதையும் உறிஞ்சாது. ஈரமாக இழுத்த கோட்டின்மேல் இன்னொரு கோடு இழுத்தால் அடியில் உள்ளது பெயர்ந்து வந்துவிடும். காகிதத்திலோ துணியிலோ செய்வதுபோல இரண்டு நிறங்களைத் தேய்த்துக் கலக்கவும் முடியாது. புள்ளிக்கு இந்தத் தொல்லை இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கலப்பதைக் கண் பார்த்துக்கொள்ளும்.

சாசரைத் தேர்ந்தெடுப்பது

மென்பீங்கானை இன்று கடையில் வாங்க முடியாது. நெருங்கிய மாற்று போன் சைனா, அதாவது எலும்புச் சாம்பல் சேர்த்த பீங்கான். அதன் கிளேஸும் கயோலினால் செய்யும் வன்பீங்கானுடையதைவிட மென்மையானது. வண்ணம் சற்றே அமிழும். நிறமும் வெதுவெதுப்பாக இருக்கும். ஓட்டல்களில் புழங்கும் சாம்பல் வெள்ளை வன்பீங்கான் தட்டிலும் வேலை நடக்கும், ஆனால் வண்ணம் மேலேயே நிற்கும். சூடும் கூடுதலாக வேண்டும்.

12 முதல் 14 செ.மீ. விட்டமுள்ள புதிய சாசர் எடுங்கள். புதியது என்பதில் பிடிவாதமாக இருங்கள். பல வருடம் தேநீர் கண்ட சாசரின் கிளேஸில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே ஈரம் இறங்கியிருக்கும். சூளையில் அந்த ஈரம் நீராவியாக வெடித்து வெளியேறும்போது மேற்பரப்பு முழுக்கக் கரும்புள்ளியும் குழியும் விழும். ஒரு தடவை விழுந்தால் தீர்வு கிடையாது. விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள்: மணி மாதிரி நீண்டு ஒலித்தால் நல்லது, 'டக்' என்று அடங்கினால் எங்கோ விரிசல்.

சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். அதன்பிறகு ஓவியம் வரும் இடத்தில் விரல் படக்கூடாது. கைரேகையின் எண்ணெய் பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாமல் சுருண்டு ஓடும்.

வண்ணம் குழைத்தல்

பீங்கான் மேல்வண்ணம் என்பது இரண்டு பொருள்: நிறம் தரும் உலோக ஆக்சைடு, அதைக் கிளேஸோடு ஒட்டவைக்கும் இளக்கி. இளக்கி என்பது குறைந்த சூட்டில் உருகும் கண்ணாடிப் பொடிதான். 18ஆம் நூற்றாண்டில் அது ஈயக் கண்ணாடி. இப்போது ஈயம் கலக்காத வகையும் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். கைவினைக் கடைகளில் 'பீங்கான் பெயின்ட்' என்று சீசாவில் விற்பது, வீட்டு ஓவனில் வைத்தால் போதும் என்று எழுதியிருப்பது, இதுவல்ல. அது பிசின், கத்தியால் கீறினால் உரிந்துவரும்.

இந்த வேலைக்கு இரண்டே பொடி. ஒன்று இரும்புச் சிவப்பு. மற்றது பொன் ஊதா. 17ஆம் நூற்றாண்டிலிருந்து காசியஸ் ஊதா என்று பெயர்: தங்கத்தை ராஜ திராவகத்தில் கரைத்து, வெள்ளீய உப்போடு சேர்த்தால் அடியில் படியும் ஊதாப் பொடி. விலை அதிகம்தான், ஆனால் 3 கிராம் வாங்கினால் பல சாசர்களுக்கு வரும்.

பொடியைப் பிடித்துவைக்கத் தடித்த டர்பன்டைன் வேண்டும். சாதாரண டர்பன்டைனை அகலமான கிண்ணத்தில் ஊற்றி, மெல்லிய துணியால் மூடி, சில வாரம் தூசி படாமல் வைத்தால் தேன்போலக் கெட்டிப்படும். ஒரு கிராம் பொடிக்கு இரண்டு சொட்டிலிருந்து தொடங்குங்கள். கண்ணாடித் தட்டின்மேல் தட்டைக் கத்தியால் பத்து நிமிடம் அரைக்க வேண்டும். நறநறவென்ற சத்தம் நின்று கத்தி வழுக்கிக்கொண்டு போகும்போது பதம் வந்துவிட்டது. பற்பசை அளவு கெட்டியாக இருந்தால் சரி. பிறகு பிரஷால் எடுக்கும்போது சாதாரண டர்பன்டைன் தொட்டு இளக்கிக்கொள்ளலாம். ஒரு சொட்டு லவெண்டர் எண்ணெய் சேர்த்தால் தட்டிலேயே காய்ந்துபோகாமல் இரண்டு மணி நேரம் தாங்கும்.

எண்ணெயின் அளவுதான் பாதி வெற்றி. கூடினால் வண்ணம் மினுமினுவென்று அழகாக உட்காரும். சூளையில் அந்த எண்ணெய் கொதித்துக் கொப்புளமிடும். குறைந்தால் காய்ந்தபின் சுண்ணாம்புபோல விரலில் உதிரும். காய்ந்த புள்ளி மங்கலாக, ஆனால் உதிராமல் இருக்க வேண்டும். இதைச் சாசரில் சோதிக்க வேண்டாம். உடைந்த போன் சைனாத் துண்டு ஒன்றில் பாருங்கள். அந்தத் துண்டு சூளைக்கும் கூடவே போகட்டும்.

அரைக்கும்போது முகக்கவசம் போடுங்கள். பிரஷ் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

படத்தை ஏற்றுதல்

டிரேசிங் தாளில் குழந்தையையும் மேகத்தையும் வரைந்து, கோட்டின்மேல் ஒன்றரை மி.மீ. இடைவெளியில் ஊசியால் துளையிடுங்கள். தாளின் பின்பக்கம் உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்தால் துளை அடைபடாது. சாசரில் ஒட்டி, கரித்தூள் முடிந்த சிறு துணிப்பொட்டலத்தால் ஒற்றினால் கோடு புள்ளிகளாக இறங்கும். கரி சூளையில் எரிந்து மறைந்துவிடும் என்பதால் கவலையில்லாமல் பயன்படுத்தலாம். பால்பாயின்ட் பேனா வேண்டாம்.

பழைய வேலைகளில் படம் சாசரின் நட்டநடுவே கோப்பை உட்காரும் பள்ளத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சரிவிலும் ஏறலாம். ஆனால் சுற்றிலும் வெள்ளையைத் தாராளமாக விடுங்கள். அந்தப் பால் வெள்ளையும் படத்தின் ஒரு நிறம்தான்.

முதல் சூடு: ஊதா

எந்த வண்ணத்துக்கு அதிகச் சூடு வேண்டுமோ அது முதலில். ஒவ்வொரு சூடும் முந்தியதைவிடக் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த சூட்டில் முந்தியது மீண்டும் இளகிக் கெடும். அதனால் ஊதா, சிவப்பு, பொன் என்ற வரிசை மாறாது.

மேகத்துக்கு ஊதாவை மிக மெலிதாக இளக்கி, தட்டையான பிரஷால் ஒரு பூச்சு. உடனே, ஈரம் இருக்கும்போதே, பஞ்சைப் பட்டுத்துணியில் கட்டிய சிறு பொட்டலத்தால் செங்குத்தாக ஒற்றி ஒற்றி எடுங்கள். பிரஷ் தடம் மறைந்து புகைபோலப் படியும். மேகத்தின் அடிப்பாகம் மட்டும் கொஞ்சம் அடர்த்தி. குழந்தையின் முடி, சிறகின் நிழல், கண் இமைக் கோடு ஆகியவற்றை 00 எண் பிரஷால் ஊதாவிலேயே வையுங்கள். கனமாக மட்டும் வைக்காதீர்கள்: தடித்த ஊதா சூளையில் கிளேஸோடு ஒத்துச் சுருங்காமல் பிறகு சில்லாகப் பெயரும். தூசியும் பிரஷ் முடியும் விழுந்தால் ஈரம் காயும் முன் ஊசிமுனையால் எடுங்கள். விட்டால் அந்த இடத்தில் வெள்ளைக் கீறல் நிற்கும்.

ஒரு நாள் உலரட்டும். சூளையில் வைத்து 400 டிகிரி செல்சியஸ் வரை மணிக்கு 120 டிகிரி வேகத்தில் மெதுவாக ஏற்றுங்கள். மூடியை இரண்டு விரல் அளவு திறந்தே வையுங்கள். எண்ணெய் எரிந்து வெளியேற வேண்டிய நேரம் இது. முதலிலேயே மூடினால் புகை உள்ளேயே சுழன்று வண்ணத்தைச் சாம்பலாக்கும். அதற்குமேல் மூடிவிட்டு மணிக்கு 180 டிகிரி. போன் சைனாவுக்கு 790, வன்பீங்கானுக்கு 820. உச்சியில் பத்து நிமிடம் நிறுத்தி அணையுங்கள். பொடி விற்பவரின் சீட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை மூடியைத் தொட வேண்டாம். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்காற்று பட்டு, 'கிண்' என்ற ஒரு சத்தத்தோடு சாசர் இரண்டாகும்.

வெளியே வந்த ஊதா பழுப்படித்து மங்கலாக இருந்தால் சூடு போதவில்லை; மறுபடி வைக்கலாம். நீலம் பாய்ந்திருந்தால் சூடு கூடிவிட்டது. அதைத் திருப்ப முடியாது. சோதனைத் துண்டை எப்போதும் சாசருக்குப் பக்கத்திலேயே வைப்பது இதற்காகத்தான்: சிறு சூளையில் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம்.

இரண்டாம் சூடு: சதை

இதுதான் வேலையின் உயிர். குழந்தையின் கன்னம் 8 மி.மீ. அகலம் இருக்கும். அதற்குள் முந்நூறு புள்ளி வைக்கப்போகிறோம்.

இரும்புச் சிவப்பைத் தட்டில் மூன்று மேடாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வேறு வேறு அளவில் இளக்கிக்கொள்ளுங்கள்: தேநீர் நிறம், செம்பருத்திச் சாறு, காவி. பிரஷ் 000 எண். மிக நீளமான முடி வேண்டாம். முனை கூராக, வயிறு கொஞ்சம் பருத்திருந்தால் ஒரு தொடுதலில் இருபது புள்ளி வரும். வண்ணம் தொட்டதும் ஓட்டுத்துண்டில் மூன்று புள்ளி வைத்து உபரியை இறக்கிவிட்டுத்தான் சாசருக்கு வர வேண்டும். முதல் புள்ளி எப்போதும் கொழுத்தது.

கன்னத்தின் நிழல் ஓரத்தில், காதுக்கும் தாடைக்கும் நடுவே தொடங்குங்கள். தேநீர் நிறத்தால், புள்ளிக்கும் புள்ளிக்கும் ஒரு புள்ளி அகலம் விட்டு, கன்னத்தின் வளைவை ஒட்டி வட்டமாகச் சுற்றி வாருங்கள். நேர்வரிசை கட்டக்கூடாது; கட்டினால் செங்கல் சுவர்போலத் தெரியும். ஒளி விழும் உச்சிக்கு நெருங்க நெருங்க இடைவெளி அகலட்டும். உச்சியில் பயறு அளவு இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். வெள்ளை வண்ணம் என்று தனியாக ஒன்று கிடையாது, சாசர்தான் வெள்ளை. இந்தச் சுற்று முழுதாகக் காய்ந்தபின் இரண்டாம் நிறத்தை, முதல் புள்ளிகளின் மேல் அல்ல, இடைவெளிகளில் வையுங்கள். அதுவும் நிழல் பாதியில் மட்டும். காவியை மூக்குத் துளை, உதடு பிரியும் கோடு, கழுத்து மடிப்பு, விரல் இடுக்கு, இவ்வளவுக்கே தொட வேண்டும். நாற்பது செ.மீ. தள்ளிப் பிடித்துப் பாருங்கள். புள்ளி தெரிகிறதா? அப்படியானால் புள்ளி பெரிது, அல்லது இரண்டாம் நிறம் அதிக அடர்த்தி. ஸ்பிரிட் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்துவிட்டு அந்த இடத்தை மட்டும் திரும்பச் செய்யலாம்; சூளைக்குப் போகும்வரை எல்லாமே திருத்தத்துக்குரியதுதான்.

சிவப்பை ஊதாவின் மேல் கனமாக ஏற்றாதீர்கள். இரும்புச் சிவப்பு கண்ணாடியில் கரைவதில்லை, நுண்துகளாக மிதந்தபடிதான் சிவப்பாகத் தெரிகிறது. அடியில் இளக்கி அதிகமுள்ள வண்ணம் இருந்தால் அந்தத் துகளைக் கரைத்துவிடும். சூளையிலிருந்து வரும்போது சிவப்பு போய் மஞ்சள் பழுப்பு நிற்கும். கூடுதல் சூட்டிலும் இதே கதைதான், முதலில் மறைவது தேநீர் நிறப் புள்ளிகள். போன் சைனாவுக்கு 760, வன்பீங்கானுக்கு 790 டிகிரி. உச்சியில் ஐந்து நிமிடம்.

சூளையிலிருந்து வந்த கன்னம் வைத்ததைவிட வெளிறியிருக்கும். பதற வேண்டாம். எதிர்பார்த்ததற்கு அரைப் படி அடர்த்தியாக வைப்பது இரண்டு மூன்று சாசருக்குப் பிறகு தானாகக் கைவரும். ரொம்ப வெளிறியிருந்தால் இடைவெளிகளில் மறுபடி புள்ளி வைத்து அதே சூட்டில் இன்னொரு முறை அனுப்பலாம்.

மூன்றாம் சூடு: பொன்

திரவப் பொன் வாங்காதீர்கள். சூளையிலிருந்து வரும்போதே கண்ணாடிபோல மின்னும் அந்த வகை 19ஆம் நூற்றாண்டில் மைசெனில் கண்டுபிடிக்கப்பட்டது. கபோடிமோன்டே காலத்து வேலையில் வைத்தால் பொருந்தாமல் துருத்தும். கேட்க வேண்டியது மெருகேற்றும் பொன். அன்றைக்குப் பொன் தகட்டைத் தேன் விட்டு அரைத்து, தேனைக் கழுவி எடுத்து, வெங்காரம்போல ஓர் இளக்கியைச் சிறிதளவு சேர்த்துப் பூசுவார்கள். இன்று பழுப்பு நிறக் குழம்பாகச் சிறு சீசாவில் வருகிறது. குலுக்கிவிட்டு, அடியில் உறைந்ததையும் கிளறி எடுக்க வேண்டும்.

சாசரைச் சுழல்மேடையில் நடுவாக வைப்பதில் ஐந்து நிமிடம் செலவிடுங்கள். விரலை விளிம்பருகே அசையாமல் பிடித்துச் சுழற்றினால் எந்தப் பக்கம் முட்டுகிறது என்று தெரியும். பிறகு பொன்னுக்கென்றே வைத்திருக்கும் நீளமுடி பிரஷை நிறைய நனைத்து, கையை ஆட்டாமல், மேடையை மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள். அகலம் ஒன்றரை மி.மீ. மெலிந்த இடம் ஊதாவாகத் தெரியும். தடித்த இடம் வெடித்து உரியும். கையில் பட்ட பொன் சாசரின் வேறெங்காவது ஒட்டினால் சுடும்வரை கண்ணில் படாது, சுட்டபின் ஊதாக் கறையாக நிற்கும். சூளைக்குள் வைக்கும் முன் பின்பக்கத்தையும் ஒரு முறை ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

போன் சைனாவுக்கு 720, வன்பீங்கானுக்கு 740. வெளியே வரும்போது காவிப் பொடி தடவியதுபோல மங்கலாக இருக்கும், ஏமாற்றம் வேண்டாம். ஈரத்துணியில் மிக மெல்லிய மணல் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் மங்கிய பொன்னொளி எழும். பல பழைய கோப்பைகளின் அழகு அந்த மங்கல்தான். இன்னும் பளபளப்பு வேண்டுமானால் அகேட் மெருகுக்கல்லால் ஒரே திசையில் அழுத்தித் தேய்க்கலாம். தேய்க்கும்போது பொன் சுரண்டிக்கொண்டு வந்தால் சூடு போதவில்லை என்று பொருள்: இன்னும் 10 டிகிரி ஏற்றி மறுபடி சுடுங்கள்.

சாசரைச் சுவரிலோ அலமாரியிலோ வையுங்கள். சாப்பாடு பரிமாறக்கூடாது, மைக்ரோவேவில் வைக்கக்கூடாது.

பின்பக்கக் குறி

சார்லஸ் 1759இல் ஸ்பெயின் மன்னராகக் கிளம்பியபோது அச்சுகள், களிமண், கைவினைஞர்கள் எல்லாரையும் மத்ரீதுக்குக் கூட்டிப்போனார். அங்கே புவென் ரெத்தீரோ அரண்மனை வளாகத்தில் பட்டறை மறுபிறவி எடுத்தது. நேப்பிள்ஸில் மகன் ஃபெர்டினாண்ட் 1771இல் புதிதாகத் தொடங்கியது வேறு பட்டறை, வேறு பாணி. தந்தையின் பட்டறைக் குறி லில்லிப்பூ. கிரீடம் வைத்த 'என்' எழுத்து மகனுடையது. மகனுடைய பட்டறையின் அச்சுகள் பின்னால் ஃபுளோரன்ஸ் அருகே 1735இல் கார்லோ ஜினோரி நிறுவிய தோச்சா தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தன. ஜெர்மன் பட்டறைகள் பலவும் அதே எழுத்தைத் தயங்காமல் போட்டுக்கொண்டன. 'கபோடிமோன்டே' என்று பழம்பொருள் கடைகளில் கிரீட எழுத்தோடு கிடைப்பவற்றில் ஆகப் பெரும்பாலானவை இந்தப் பிற்காலத்துச் சரக்குதான். அசல் எப்படி இருக்கும் என்று பார்க்க நேப்பிள்ஸ் கபோடிமோன்டே அருங்காட்சியகத்தில் உள்ள பீங்கான் அறைக்குப் போகலாம்: போர்ட்டிச்சி அரண்மனைக்காக 1757 முதல் 1759 வரை செய்த அறை, சுவர் முழுக்கச் சுமார் 3000 பீங்கான் துண்டுகள், உருவ வேலை ஜுசெப்பே கிரிச்சி.

ஆகவே உங்கள் சாசரின் பின்பக்கத்தில் லில்லியும் வேண்டாம், கிரீடமும் வேண்டாம். இரண்டாம் சூட்டுக்கு முன்பே, மிஞ்சிய இரும்புச் சிவப்பால் உங்கள் பெயரையும் ஆண்டையும் எழுதிவிடுங்கள். சாசர் நிற்கும் கால்வளையத்தைத் தொடாமல், ஒரு மி.மீ. உள்ளே தள்ளி எழுதுங்கள். வளையத்தில் வண்ணம் பட்டால் சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும்.